ரூம் போட்ட பிறகும் ஒரு தடவை விலை பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊட்டியில் ஒரு தங்கும் விடுதியின் ரிசப்ஷனில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். முதலில் சாவி எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் புக்கிங் பார்க்கும் பொறுப்பு வந்தது. அந்த மேசைக்குப் பின்னால் நின்று நான் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாதம், மலர்க் கண்காட்சி நேரம். கரூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே ஒரு பாட்டி. பிப்ரவரியிலேயே ரூம் போட்டுவிட்டார்கள். ஓர் இரவுக்கு 4,800 ரூபாய், மூன்று இரவு. அவர்களுக்கு அடுத்து வரிசையில் நின்றவர் திருப்பூர்க்காரர். அதே மாடி, அதே வகை ரூம், 3,600 ரூபாய். அவர் பதிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கையெழுத்து வாங்குவதற்காக இரண்டு தாளையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன். கரூர் அம்மா பார்த்துவிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க சார், நாங்க மூணு மாசம் முன்னாடியே போட்டோமுங்க. முன்னாடி போட்டா கொறையும்னுதானுங்க சொல்றாங்க?"

பாட்டி மடியில் ஒரு பெரிய தூக்குப் போசி இருந்தது. இரண்டு வேளைக்குப் புளிச்சோறு. வெளியே சாப்பிட்டால் செலவாகும் என்று விடியற்காலையில் எழுந்து கிளறிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சாப்பாட்டில் அப்படி மிச்சம் பிடித்த குடும்பத்துக்கு ரூமில் மட்டும் மூன்று இரவுக்கும் சேர்த்து 3,600 ரூபாய் கூடுதலாகப் போயிருந்தது. அவர்களுடைய புக்கிங் தாளின் கீழே, 'வருகைக்கு மூன்று நாள் முன்பு வரை இலவசமாக ரத்து செய்யலாம்' என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அதாவது, திருப்பூர்க்காரர் பதிந்த அதே நாளில் இவர்களும் பழையதை ரத்து செய்துவிட்டு அதே 3,600-க்குப் பதிந்திருக்கலாம். பிப்ரவரிக்குப் பிறகு அவர்கள் விலையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. யாரும் பார்க்கச் சொல்லவும் இல்லை.

அந்த வருடம் விலை ஏன் இறங்கியது என்று எனக்குத் தெரியும். வெளிமாநில டூர் குழு ஒன்று எங்களிடம் இருபது ரூம் பிடித்து வைத்திருந்தது. இப்படி மொத்தமாகப் பிடிப்பவர்களுக்கு ஒரு கெடு உண்டு. அதற்குள் வேண்டாததைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அவர்கள் பத்து நாள் இருக்கும்போது பன்னிரண்டு ரூமைத் திருப்பித் தந்தார்கள். சீசன் நடுவில் பன்னிரண்டு ரூம் காலியாகக் கிடந்தால் எந்த முதலாளியும் விலையை இறக்குவார். இன்று இரவு பூட்டிக் கிடக்கும் ரூமை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது அல்லவா.

விலை இறங்கும் இன்னொரு நேரம், இலவச ரத்துக்கான கெடு முடிகிற சமயம். போகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கடைசி நாளில்தான் ரத்து செய்வார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் அன்று மாலை ரூம்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அதனால்தான் கெடு முடிகிற கடைசி இரண்டு நாளைத் தவறவிடாதீர்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன்.

இந்த ஏற்ற இறக்கம் விமானத் தொழிலிலிருந்து வந்த பழக்கம். அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு விலகத் தொடங்கியது. அதன் பிறகு, ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைகளாகப் பிரித்து, விற்பனையின் வேகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் முறையை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் வளர்த்தது. ஓட்டல்கள் அதைப் பின்னால் எடுத்துக்கொண்டன. ஆக, நீங்கள் பார்க்கும் விலை அந்த நிமிடத்தின் விலை. நாளை ஏறலாம், இறங்கவும் செய்யலாம்.

ரயிலுக்கு இந்த வேலை வேண்டாம். பெரும்பாலான ரயில்களில் கட்டணம் நிலையானது. 60 நாள் முன்னால் எடுத்தாலும் முந்தைய வாரம் எடுத்தாலும் சாதாரண ஒதுக்கீட்டில் ஒரே விலைதான். ராஜதானி, துரந்தோ போன்ற சில வண்டிகளில் 2016 செப்டம்பரில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். பத்துப் பத்து சதவீதமாக இடம் நிரம்ப நிரம்ப அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும், ஒரு வரம்பு வரை. அங்கே ஏறுமுகம்தான். ரயிலில் சீக்கிரம் எடுப்பவருக்கே லாபம், எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

விமான டிக்கெட்டில் கொஞ்சம் கவனம் வேண்டும். நம் நாட்டில் ரத்துக் கட்டணமே சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். 500 ரூபாய் குறைந்திருக்கிறது என்று அவசரப்பட்டு ரத்து செய்தால் நஷ்டம். ஆனால் 2016-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்த விதி ஒன்று உங்களுக்குக் கைகொடுக்கும். உள்நாட்டுப் பயணத்துக்கு ஏழு நாளுக்கு மேல் இருக்கும்போது விமான நிறுவனத்தின் தளத்திலேயே டிக்கெட் எடுத்தால், எடுத்த பிறகு குறைந்தது 24 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லாமல் ரத்து செய்ய வாய்ப்பு உண்டு. அதனால் இரவில் டிக்கெட் எடுத்தால் மறுநாள் காலை காபி குடிக்கும்போது அதே விமானத்தை மறுபடி பாருங்கள். பக்கத்து நேர விமானத்தையும் பாருங்கள். அப்புறம் இன்னொன்று. போகவே முடியாமல் டிக்கெட் வீணாகிவிட்டால்கூட விமான நிலையக் கட்டணமும் அரசு வரிகளும் உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். அது உங்கள் பணம், கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020-இல் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் ஆகிய நிறுவனங்கள் அந்த நாட்டுக்குள் பறக்கும் டிக்கெட்டுகளை மாற்றினால் வாங்கிவந்த கட்டணத்தை எடுத்துவிட்டன. மிக மலிவான 'பேசிக் எகானமி' வகைக்கு இந்தச் சலுகை கிடையாது. மற்ற வகையில் விலை இறங்கினால் மாற்றி எடுத்து, வித்தியாசத்தை அடுத்த பயணத்துக்கு வரவு வைத்துக்கொள்ளலாம்.

சரி, ரூமுக்கு வருவோம். நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பணம் நிஜமாக மிஞ்சுவது இங்கேதான்.

முதலில் பதியும்போதே இலவச ரத்து உள்ள ரூமாகப் பாருங்கள். ரத்து இல்லாத ரூம் இருநூறு முந்நூறு குறைவாகத் தெரியும். அந்த இருநூறைக் கொடுத்து நீங்கள் வாங்குவது பிறகு மனம் மாறும் உரிமையை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது இன்னும் முக்கியம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள்தான் என்று வரம்பும் வைத்தார்கள். உங்களுக்கு வேண்டிய நாளில் பாஸ் கிடைக்காமல் போனால் ரத்து செய்ய முடியாத ரூமை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

பதிந்த உடனே ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக் காலண்டரில் குத்தி வையுங்கள்: வரியோடு சேர்த்து மொத்தத் தொகை, ரூம் வகை, ரத்து செய்யக் கடைசி நாளும் நேரமும். ஒரு மாதம் இருக்கும்போது ஒரு தடவை, இரண்டு வாரத்தில் ஒரு தடவை, கெடு முடிகிற கடைசி இரண்டு நாளில் ஒரு தடவை பாருங்கள். முதல் பக்கத்தில் தெரியும் விலையை நம்ப வேண்டாம். பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய் வரி சேர்ந்த தொகையைப் பாருங்கள். காலை டிபன் உண்டா, அதே எண்ணிக்கை ஆட்களுக்கா என்பதையும் ஒப்பிடுங்கள். டிபன் இல்லாத ரூம் 400 ரூபாய் குறைவாக இருந்தால், ஐந்து பேருக்கு அது மிச்சமே இல்லை.

விலை நிஜமாகவே குறைந்திருந்தால், புதிய புக்கிங் உறுதியான செய்தி கைக்கு வந்த பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். வரிசையை மாற்றி, முதலில் ரத்து செய்துவிட்டு, அந்த ஐந்து நிமிடத்தில் கடைசி ரூமும் போய்விட்டது என்று போனில் அழுதவர்களிடம் நான் பேசியிருக்கிறேன்.

வரி மாறும்போதும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. 5,000 ரூபாய் ரூமுக்கு வரி 600-லிருந்து 250-ஆக இறங்கியது. ஆகஸ்டிலேயே முழுப் பணம் கட்டித் தீபாவளி விடுமுறைக்குப் பதிந்தவர்களில் எத்தனை பேர் திரும்பக் கேட்டிருப்பார்கள்?

நேரடியாக ஓட்டலுக்குப் போன் செய்யத் தயங்காதீர்கள். புக்கிங் தளங்களுக்கு நாங்கள் கணிசமான கமிஷன் கொடுக்கிறோம். நேராகக் கேட்பவருக்கு விலை குறைக்க எங்களுக்கும் இடம் உண்டு. வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இலவச ரத்துதானே என்று நான்கு ஓட்டலில் ஒரே தேதிக்கு ரூம் பிடித்து வைக்காதீர்கள். பத்து ரூம் வைத்திருக்கும் சின்ன விடுதிக்கு அது பெரிய அடி. ஒன்றைப் பதியுங்கள், மாற்றினால் பழையதை அன்றே விடுங்கள்.

அந்தக் கரூர் அம்மா மறுவருடமும் வந்தார்கள். இந்தத் தடவை மார்ச்சில் பதிந்தார்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மதியம் ரிசப்ஷன் போன் அடித்தது. "சார், கரூருங்க. போன வருஷம் வந்தமுங்களே. இன்னைக்கு எவ்வளவு காட்டுதுங்க?" பார்த்துச் சொன்னேன். 600 ரூபாய் குறைந்திருந்தது. அவர் லைனில் இருக்கும்போதே புதியதைப் போட்டுப் பழையதை எடுத்துவிட்டேன். போனை வைக்கும் முன், கெடு தேதி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதம்மா என்றேன். "சரிங்க, அப்ப அடுத்த வாரமும் கூப்பிடறனுங்க" என்றார்.

வணக்கம்.