காப்பி எங்க ஆரம்பிக்குது?

வணக்கம். டிஎன்ஏ காப்பி ஆகறதப் பத்தி பேசச் சொன்னா எல்லாரும் ஜிப் பிரியற மாதிரி ஒரு படம் போட்டு நடுவுல இருந்து ஆரம்பிச்சிருவாங்க, அந்த ஜிப்ப முதல்ல எந்த இடத்துல யாரு பிரிச்சாங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. நான் அத மட்டும்தான் பேசப்போறேன்.

ஈ. கோலைங்கற குடல் பாக்டீரியாவ எடுத்துக்கோங்க. அதோட டிஎன்ஏ 46 லட்சம் எழுத்து (ஏ, டி, ஜி, சி-ன்னு நாலு வகை, ரெண்டு இழைலயும் எதிரெதிரா ஜோடியா நிக்கும்), ஒரே வட்டம், ஆரம்பிக்கற இடமும் ஒண்ணே ஒண்ணு, 245 எழுத்து நீளம் இருக்கும். டிஎன்ஏஏ-ன்னு ஒரு புரோட்டீன் (பேரே அதுதான், டிஎன்ஏவோட போட்டு குழப்பிக்காதீங்க) அங்க கூட்டமா வந்து உக்காந்து, பக்கத்துல ஏ-டி ஜோடி நிறைய இருக்கற இடத்த பிரிச்சு விடும், அந்த ஜோடி ஜி-சி அளவுக்கு கெட்டியா ஒட்டாது, அதான். அந்த இடைவெளில இழைகளப் பிரிச்சுக்கிட்டே போற ஹெலிகேஸ்ங்கற புரோட்டீன் ஏறி ரெண்டு பக்கமும் ஓடும், செகண்டுக்கு 1000 எழுத்து கிட்ட. முழுசா முடிய 40 நிமிஷம். ஆனா நல்ல சாப்பாடு கிடைச்சா அது 20 நிமிஷத்துக்கு ஒருதரம் ரெண்டாகுதே, எப்படி? முதல் காப்பி முடியறதுக்குள்ளயே அதே இடத்துல அடுத்தத ஆரம்பிச்சிரும், பேத்திக்கு வேண்டிய வேலை பாட்டி உடம்புக்குள்ளயே நடந்துட்டிருக்கும்!

நம்ம செல்லுல இது கட்டுப்படியாகாது. முதல் குரோமோசோம் மட்டும் கிட்டத்தட்ட 25 கோடி எழுத்து, வேகமோ செகண்டுக்கு 50 மாதிரிதான், ஒரே இடத்துல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் ஓடினாலும் ஒரு மாசம் ஆகும். நிஜத்துல 8 மணி நேரத்துல முடியுது, ஏன்னா பல்லாயிரம் இடத்துல தொடங்குது. ஈஸ்ட்ல அந்த இடத்துக்கு 11 எழுத்து அடையாளம் இருக்கு, நம்மகிட்ட அப்படி ஒரு முகவரியே கிடையாது, குரோமாட்டின், அதாவது புரோட்டீன்ல சுத்தி வச்சிருக்கற டிஎன்ஏ, தளர்ந்திருக்கற பக்கமா பார்த்து ஆரம்பிக்குது.

இத்தன இடம்னா ஒரே இடத்துல ரெண்டு தரம் ஆரம்பிச்சிட்டா? அதுக்குத்தான் லைசன்ஸ், விஞ்ஞானிங்களே வச்ச பேரு. செல்லு காப்பிக்கு முந்தின ஜி-1 கட்டத்துல இருக்கும்போதே எம்சிஎம் வளையங்கள (நம்ம ஹெலிகேஸோட முக்கிய பாகம்) மாட்டி வச்சிரும், ஆனா ஓட விடாது. காப்பி நடக்கற எஸ் கட்டம் வந்ததும் ஓட விடும், அப்போ புதுசா மாட்ட முடியாது. மாட்டினதுல நிறைய ஓடவே ஓடாது, வழில எதாவது சிக்கினா உதவற ஸ்பேர்.

பாக்டீரியாவும் இல்லாம நம்ம வகையும் இல்லாம தனி வகையா இருக்கற ஒரு செல் உயிர், ஆர்க்கியா, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. டிஎன்ஏ பார்க்க பாக்டீரியா மாதிரி வட்டம், உள்ள இருக்கற மெஷின் நம்மளது மாதிரி. சாக்கடல்ல கண்டுபிடிச்ச ஹாலோஃபெராக்ஸ் வால்கனிங்கற ஆர்க்கியால, 2013-ல மெயின் குரோமோசோம்ல இருந்த ஒரிஜின், அதாவது ஆரம்பிக்கற இடம், எல்லாத்தையும் வெட்டி எடுத்துப் பார்த்தாங்க. சாகல. இன்னும் வேகமா வளர்ந்துச்சு! அப்போ எங்கதான் ஆரம்பிக்குதுன்னா, உடைஞ்ச டிஎன்ஏவ ஒட்டற ரீகாம்பினேஷன் வழியா பல இடத்துல தொடங்குதுன்னு சொல்றாங்க. அந்த ஒட்டற புரோட்டீன எடுத்தா சாதாரண செல்லு எப்படியோ சமாளிச்சுக்குது, ஒரிஜின் இல்லாத செல்லால முடியல.