ஒரே பீடம், தாழ்ந்த குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

"முப்பது சாமியார் சேர்ந்து பூசை வைத்தால் அது முப்பது பூசையா, சாமி?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. குருக்கள் எத்தனை பேர் நின்றாலும் அது ஒரே திருப்பலிதான்; அதைத்தான் கூட்டுத் திருப்பலி என்கிறோம்.

பழைய பேராலயங்களின் பக்கச் சுவர்களை ஒட்டி வரிசையாகச் சிறு பீடங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பீடத்தில், ஒரு பீடச் சிறுவனோடு, குருக்கள் தனித்தனியே பூசை செய்த காலம் அது. நம்முடைய இலத்தீன் வழிபாட்டு முறையில் குருப்பட்டம், ஆயர் அபிஷேகம் இரண்டிலும் மட்டுமே சேர்ந்து நிறைவேற்ற அனுமதி இருந்தது. கிழக்கத்திய மரபில் வந்த கீழைத் திருச்சபைகள் பலவும் சேர்ந்து நிறைவேற்றும் வழக்கத்தைக் கைவிடவே இல்லை. 1963-இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்கும் கதவைத் திறந்தது. குருத்துவம் ஒன்றே என்பது கூட்டுத் திருப்பலியில் கண்ணால் காணும்படி வெளிப்படுகிறது. சங்கம் சொன்ன காரணம் அதுதான். 1965-ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று புதிய சடங்குமுறை நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சடங்குமுறையில் என் மனதுக்கு நெருக்கமானது ஒரு சின்ன விதி. அப்பத்தையும் இரசத்தையும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக்கும் வசீகர வார்த்தைகளை எல்லாக் குருக்களும் சொல்ல வேண்டும்; ஆனால் முதன்மைக் குருவின் குரல் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கும்படி, மற்றவர்கள் மிகத் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும்.

குருவான புதிதில் எனக்கு இது பிடிபடவில்லை. ஆர்வத்தில் ஓங்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற முதிய குரு இடக்கையால் என் முழங்கையை மெல்லத் தொட்டார். திரும்பிப் பார்த்தேன். அப்பத்தை நோக்கி நீட்டியிருந்த அவருடைய வலக்கை நடுங்கிக்கொண்டிருந்தது. உதடுகள் ஒரு வார்த்தை விடாமல் அசைந்தன. தோளோடு தோள் நின்ற எனக்கே அவர் குரல் மூச்சளவுதான் கேட்டது. வாழ்நாளில் பாதியைத் தனிப்பூசையில் கழித்தவர் அவர். அத்தனை ஆண்டு தனியாகச் சொன்ன வார்த்தைகளை இன்னொருவர் குரலுக்குள் வைத்துச் சொல்ல எப்போது பழகினாரோ! அன்றுதான் நான் குரலைத் தாழ்த்தினேன்.

இன்று சில இடங்களில் உடன் குருக்கள் ஒவ்வொருவர் முன்னும் ஒலிவாங்கி வைக்கிறார்கள். அதை எடுத்துவிடுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. திருப்பலி தொடங்கிய பிறகு வருகிற குரு, எவ்வளவு பெரியவரானாலும், உடன் குருவாகச் சேர முடியாது. அந்த முதியவரே ஒருமுறை தாமதமாக வந்து சேர்ந்தார். பூசையில் குரு அணியும் தோள்துகில் கையிலிருந்தது; அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மக்களோடு கடைசி வரிசையில் முழந்தாளிட்டார்.