துண்டு போட்டு இடம் பிடிக்கும் மாத்திரை

பெங்களூர் நேயர்களுக்கு வணக்கம். இல்லாத குரல்கள் காதில் கேட்கும் மனச்சிதைவு நோய்க்காக அல்சூரில் என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் பலர் முதலில் கேட்பது இதுதான்: "டாக்டர், இந்த மாத்திரை போட்டா பையன் மரக்கட்டை மாதிரி ஆயிடுவானா?"

வீண் பயம் என்று தள்ளிவிட மாட்டேன். அவர்கள் கண்ணால் பார்த்தது அது. 1950களில் வந்த குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள், மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனின் டி2 என்ற ஏற்பிகளை அடைத்தன. காதில் கேட்ட குரல்கள் அடங்கின. ஆனால் உடலசைவுக்கும் டோபமைன் வேண்டுமே! கை விறைத்தது, நடை சிறுத்தது.

ஏற்பி என்றால் என்ன? கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்போம் அல்லவா? நரம்பு செல்லின் மேலுள்ள ஏற்பி அந்த சீட். மருந்து அந்தத் துண்டு. துண்டு கிடக்கும்வரை உரிய ஆள் வந்தாலும் உட்கார முடியாது.

மூளையில் செய்தி கடத்தும் இன்னொரு வேதிப்பொருளான செரோட்டோனினுக்கு இப்படி 14 வகை சீட்டுகள் உண்டு. 2ஏ என்ற சீட்டில் அது உட்கார்ந்தால், அசைவுக்கான பாதையில் டோபமைன் சுரப்பது மட்டுப்படும். பின்னர் வந்த குளோசபின், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் ஆகிய மருந்துகள் டி2வோடு இந்த 2ஏவையும் அடைக்கின்றன. கட்டு தளர்ந்து அங்கே கொஞ்சம் டோபமைன் கூடுதலாகக் கிடைக்கிறது, விறைப்பு குறைகிறது. இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். குளோசபின் டி2வில் இறுக்கமாக ஒட்டுவதே இல்லை. ரிஸ்பெரிடோன் அளவு கூடினால் விறைப்பு திரும்ப வரும். டோபமைனைத் தொடாமல் பெரும்பாலும் 2ஏவையே பிடிக்கும் பிமவான்செரின் என்ற மருந்து, பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வரும் மாயத்தோற்றங்களுக்காக 2016ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

செரோட்டோனினின் இன்னொரு சீட்டைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன். அதன் பெயர் 2சி. "போதும், வயிறு நிறைந்தது" என்ற செய்தி போவதில் அதற்குப் பெரிய பங்கு. ஒலான்சபினும் குளோசபினும் அதிலும் துண்டு போடுகின்றன. கூடவே ஹிஸ்டமின் என்ற வேறொரு வேதிப்பொருளின் ஏற்பியையும் அடைக்கின்றன. பசி அடங்குவதில்லை. "நல்லா பேசுறான் டாக்டர், ஆனா ராத்திரி எழுந்து சட்டியோட சோத்த காலி பண்றான்" என்று ஒரு தாய் சொன்னார். வீட்டில் எல்லோரும் அவனைத் தீனிப்பண்டாரம் என்று ஏசியிருக்கிறார்கள். எனக்கு மனசு வலித்தது. அந்தப் பசி மாத்திரை கொடுத்த பசி. அவன் குணம் அல்ல, தயவுசெய்து ஏசாதீர்கள்.

அந்த அம்மா தானாகவே மாத்திரையைப் பாதியாக்கினார். சில வாரங்களில் குரல்கள் திரும்பின. மருந்து தொடங்கும் அன்றே எடை, இடுப்பளவு, சர்க்கரை மூன்றையும் குறித்து வையுங்கள். முதல் மாதத்திலேயே எடை ஏறினால் உடனே வந்து சொல்லுங்கள். அரிப்பிப்ரசோல் போல எடையை அவ்வளவாக ஏற்றாத மருந்துகள் இருக்கின்றன. பழையதைப் படிப்படியாகக் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மாற்றலாம். அந்தப் பையனுக்கு அப்படித்தான் மாற்றினோம்.