தாங்குகிறதா, ஆட்டிப் படைக்கிறதா? திருப்பூர் மேடையில் இரண்டாவது அணியின் பேச்சு

நடுவர் ஐயாவுக்கும், எதிரணிக்கும், மழை வருமா வராதா என்று வானத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிற திருப்பூர் மக்களுக்கும் வணக்கம். அவ்வளவுதான் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய அக்கா வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது, அந்தத் தப்பை நான் செய்யமாட்டேன்.

உலகச் சந்தையை அமெரிக்கா தாங்குகிறதா, ஆட்டிப் படைக்கிறதா? ஆட்டிப் படைக்கிறது என்பது எங்கள் கட்சி. சாட்சிக்கு நான் உலக வங்கியையும் ஐஎம்எஃப்பையும் கூப்பிடவில்லை. பென்குவினைக் கூப்பிடுகிறேன்.

சிரிக்காதீர்கள், நடந்த கதை. 2025 ஏப்ரல் 2, வெள்ளை மாளிகைத் தோட்டம். எந்த நாட்டுச் சரக்குக்கு எவ்வளவு இறக்குமதி வரி என்று ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார் டிரம்ப். அன்றைக்கு வெளியான முழுப் பட்டியலில் ஹேர்ட் தீவு, மெக்டொனால்ட் தீவுகள் என்று ஒரு பெயர் இருந்தது. அதற்கு நேரே 10 சதவீதம். அது எங்கே இருக்கிறது? ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான தீவுகள், அண்டார்டிகா போகிற வழியில், பெர்த்திலிருந்து கப்பலில் கிளம்பினால் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அங்கே ஒரு எரிமலை உண்டு, பனிப்பாறை உண்டு, சீல் உண்டு, கூட்டம் கூட்டமாகப் பென்குவின் உண்டு. மனுஷன் மட்டும் கிடையாது. ரேஷன் கடை கிடையாது, வார்டு கவுன்சிலர் கிடையாது, ஜிஎஸ்டி கட்டச் சொல்லி மெசேஜ் அனுப்பவும் ஆள் கிடையாது.

யோசித்துப் பாருங்கள். காலையில் மீன் பிடிக்கப் போன பென்குவின் திரும்பி வருகிறது. வீட்டில் இருந்த பென்குவின் கேட்கிறது: "ஏங்க, நமக்கு 10 சதவீதம் போட்டுட்டாங்களாமே, நாம என்னங்க ஏற்றுமதி பண்றோம்?" அது பாவம், "நான் ஒண்ணும் பண்ணலைடி, நீ ஏதும் பண்ணியா?" என்கிறது. உடனே அவசரக் கூட்டம். கோட்டு சூட்டு விஷயத்தில் அவைகளுக்குக் கவலையே இல்லை, நம் ஊர் எக்ஸ்போர்ட்டர் யாருக்கும் கோட்டு அவ்வளவு கச்சிதமாக உட்காராது! (கோபப்படாதீர்கள், முன்வரிசையில் இருக்கிற உங்களைச் சொல்லவில்லை.)

இதைவிடக் கூத்து இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் கணக்கைத் தோண்டினார்கள். 2022-ல் அந்தத் தீவிலிருந்து அமெரிக்கா 14 லட்சம் டாலருக்குச் சரக்கு வாங்கியதாக உலக வங்கிப் புள்ளிவிவரத்தில் பதிவாகியிருக்கிறது. என்ன சரக்கு தெரியுமா? பெரும்பாலும் இயந்திரமும் மின்சாதனமும்! அப்படியென்றால் அங்கே ஒரு பாலிடெக்னிக் நடக்கிறது, பென்குவின் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறது. எங்கேயோ யாரோ அனுப்பிய சரக்குக்கு ஊர் பெயரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

பின்னால் டீ குடிக்கப் போனவர்கள் இப்போதுதான் திரும்புகிறார்கள். அவர்களுக்காக இன்னொரு தடவை: மனுஷனே இல்லாத தீவு, பென்குவின், 10 சதவீத வரி. வீட்டுக்குப் போய் என் பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஏன் இப்படி என்று அமெரிக்க வணிகத் துறை அமைச்சரிடம் டிவியில் கேட்டார்கள். எந்த இடத்தையும் விட்டுவைத்தால் அதன் வழியாக மற்ற நாடுகள் சரக்கை நுழைத்துவிடும், அதனால்தான் என்றார். சரி, வைத்துக்கொள்வோம். அப்போது அந்த வரியை எப்படிக் கணக்குப் போட்டீர்கள்? ஒரு நாட்டோடு இருக்கிற வர்த்தகப் பற்றாக்குறையை, அதாவது அங்கே விற்றதைவிட எவ்வளவு அதிகமாக வாங்கினார்கள் என்பதை, அங்கிருந்து வருகிற இறக்குமதியால் வகுத்து, வந்ததைப் பாதியாக்கி, 10-க்குக் கீழே போனால் 10 என்று போட்டுவிட்டார்கள். அந்த நாட்டில் யார் இருக்கிறார்கள், என்ன தைக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

இனி அக்காவிடம் வருகிறேன். போகிற போக்கில் ஒரு குத்து குத்தினார், நீங்களும் கை தட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "அமெரிக்காவைத் திட்ட வந்தவர் சட்டைப் பையில் இருப்பது ஐபோன். முதலில் அதை நொய்யலில் வீசிவிட்டு மைக்கைப் பிடிக்கட்டும்" என்றார். அக்கா, நொய்யலில் இதுவரை நாம் வீசியது போதாதா? அதோடு, இதற்கு இன்னும் தவணை பாக்கி இருக்கிறது, வீசினால் பேங்க்காரர் ஆற்றில் குதித்துவிடுவார்.

இந்தப் போனை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். கலிபோர்னியாவில் வடிவமைத்தார்கள், சரி. பூட்டியது யார்? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் தைவான் கம்பெனி ஃபாக்ஸ்கான் ஆலை, அங்கே வரிசையில் நிற்பது பெரும்பாலும் நம் பிள்ளைகள், கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி ஷிப்ட் பார்க்கிற பெண்பிள்ளைகள். நான் பையில் வைத்திருப்பது அந்தப் பிள்ளைகளின் வேலையும்தான், அதை எதற்கு ஆற்றில் போடவேண்டும்?

அக்கா தெரியாமல் எனக்கு ஒரு பாயிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு முதலில் 25 சதவீதம் போட்டார்கள். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி, அதே மாதம் 27-ஆம் தேதி இன்னொரு 25. மொத்தம் 50. நம்மைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்கிய சீனாவுக்கு அந்த அபராதம் இல்லை, அது தனிக் கதை. இந்த 50 எல்லாச் சரக்குக்குமா? இல்லை. போனுக்கு விலக்கு! சுங்குவார்சத்திரத்தில் பூட்டிய போன் ஜம்மென்று போனது, விற்கிற கம்பெனி அமெரிக்கக் கம்பெனி பாருங்கள். திருப்பூரில் தைத்த பனியன் 50 கட்டவேண்டியிருந்தது. போனும் தமிழ்நாடு, பனியனும் தமிழ்நாடு, ரஷ்ய எண்ணெயில் ஓடுகிற லாரியில்தான் இரண்டும் ஊரை விட்டுக் கிளம்புகிறது. போன் அதிகமாக எண்ணெய் குடிக்காதோ என்னவோ!

அப்புறம் கோதுமை. அமெரிக்கா இல்லாவிட்டால் அறுபதுகளில் பட்டினி கிடந்திருப்போம் என்றார் அக்கா. பிஎல் 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் கோதுமை வந்தது உண்மை, அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள், நன்றி மறக்கவில்லை. ஆனால் எப்படி வந்தது? ஜனாதிபதி ஜான்சன் அதை மாதக் கணக்கில் அளந்து விட்டார், மாமியார் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மருமகளுக்கு அரிசி அளக்கிற மாதிரி. வியட்நாம் போரைப் பற்றி இந்தியா பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை, நம் விவசாயக் கொள்கையும் அவர் சொன்னபடி மாறவேண்டும், இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த அளவை. இங்கே சாஸ்திரி ஜனங்களை வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம் அப்போது உணவு அமைச்சர், டெல்லியில் தன் பங்களாப் புல்தரையை உழுது புது ரகக் கோதுமை விதைத்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்து இறங்கியது.

அக்கா சீட்டு எழுதி நடுவரிடம் நீட்டுகிறார், என்ன எழுதியிருப்பார் என்று தெரியும். அந்த மெக்சிகோ கோதுமை ரகத்தை உருவாக்கிய விஞ்ஞானி போர்லாக் அமெரிக்கர். ஆமாம், அயோவாக்காரர், கும்பிடத் தகுந்த மனிதர். அமெரிக்க மனிதர்கள்மேல் எனக்கு வழக்கே கிடையாது. 1971-ல், டாலரைக் கொடுத்தால் தங்கம் தருவோம் என்று மற்ற நாடுகளுக்குக் கொடுத்திருந்த வாக்கை அமெரிக்கா கைவிட்ட பிறகு, பதறிப்போன ஐரோப்பிய நிதியமைச்சர்களிடம் "டாலர் எங்கள் நாணயம், ஆனால் பிரச்சினை உங்களுடையது" என்று சொன்னாரே கானலி, அவர் அமெரிக்க நிதியமைச்சராக உட்கார்ந்திருந்த அந்த நாற்காலிமேல்தான் என் வழக்கு.

உலகத்திலேயே அதிகமாக இறக்குமதி செய்வது அமெரிக்காதானே, ஆர்டர் கொடுப்பது அவர்கள்தானே என்று கேட்டார்கள். ஆமாம். அதனால்தான் பயமாக இருக்கிறது.

லெசோத்தோ என்று ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு. யாரும் கேள்விப்பட்டதே இல்லை என்று டிரம்ப் நாடாளுமன்றத்தில் நக்கலாகச் சொன்ன நாடு. அமெரிக்கர்கள் போடுகிற ஜீன்ஸ் அங்கே தைக்கிறார்கள், தைப்பது பெரும்பாலும் பெண்கள். அந்த ஏப்ரல் பட்டியலில் அதற்கும் 50. ஜூலையில் அந்த அரசாங்கம் வேலையில்லாத் திண்டாட்டத்துக்காகப் பேரிடர் நிலை அறிவித்தது. பிறகு 15-க்கு இறக்கினார்கள். இறக்கினால்? போன ஆர்டர் மறுநாள் காலையில் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்துகொள்ளுமா?

இங்கே ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் செக்கிங். சின்னக் கத்தரியை வைத்துக்கொண்டு பிசிறு வெட்டி, தையல் பார்த்து, கறை பார்த்து, கடைசியில் விலை அட்டை மாட்டுவார். அட்டையில் டாலரில் விலை அச்சாகி வரும். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்ததே இல்லையாம். "பார்த்தா அப்புறம் கை ஓடாது கண்ணு" என்றார். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு அவர் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் போய் ஒற்றை ஷிப்ட் ஆனது. அரை ஷிப்ட்தானே என்று நினைக்கக்கூடாது, மகளுடைய காலேஜ் ஃபீஸ் முழுக்க அந்த அரை ஷிப்டில்தான் இருந்தது. தீபாவளி வருவதற்கு முன்னால் மகளிடம், "இந்த வருஷம் எனக்குச் சேலை வேண்டாம், போன வருஷத்ததே புதுசாத்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். உலகத்துக்கே துணி தைக்கிற ஊரில் இருந்துகொண்டு சொல்லியிருக்கிறார் ஐயா! அவருக்கு ரஷ்யா எங்கே இருக்கிறது என்று தெரியாது, எண்ணெய் என்றால் தாளிக்கிற எண்ணெய்தான் தெரியும்.

மணி அடித்துவிட்டீர்கள். எதிரணி நிறைய புள்ளிவிவரம் கொடுத்திருக்கிறது, என்னிடம் அவ்வளவு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கி ஓரமாகத் திரும்பி நின்று எண்ணுகிற அந்த அம்மாவிடம் போய், அமெரிக்கா உங்களைத் தாங்குகிறது என்று சொல்ல உங்களுக்கு நாக்கு எழுமா என்று பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.