சீல் கிட் மாத்தியும் பாப்கேட் கன்ட்ரோல் வால்வ்ல ஆயில் ஒழுகுதா?

அடுத்த கேள்வி, கோழிப் பண்ணையில பாப்கேட், அதான் சின்ன லோடர் வண்டி, ஓட்டுற ஒரு தம்பி அனுப்பியிருக்காரு. "அண்ணே, பாப்கேட்ல கன்ட்ரோல் வால்வ்கிட்ட ஆயில் ஒழுகுது. மூணு மாசத்துல ரெண்டு தடவை சீல் கிட் போட்டாச்சு. புது வால்வ் வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா?"

இப்ப வாங்காதீங்க தம்பி.

மொதல்ல அந்த சீலுக்கு என்ன வேலைன்னு சொல்லிடறேன். கன்ட்ரோல் வால்வ்ங்கறது லீவரை அசைச்சா ஆயிலை எந்தப் பக்கம் விடணும்னு திருப்பற பாகம். சீல்ங்கறது அதுல ஆயில் வெளிய வராம இருக்கப் போடுற வளையம். வால்வ் பாடிக்குள்ள ஸ்பூல்னு ஒரு உருளைத் தண்டு இருக்குல்ல, லீவரை இழுத்தா முன்னப் பின்ன போகுமே, அது. உள்ள 3000 பி.எஸ்.ஐ. வரைக்கும் பிரஷர் வரும். அதைத் தடுக்குறது சீல்னு நிறைய பேர் நினைக்குறாங்க. இல்லைங்க. ஸ்பூலும் பாடியும் அவ்வளவு நெருக்கமா உரசி உட்கார்ந்திருக்கு பாருங்க, அதுதான் தடுக்குது. அதையும் தாண்டிக் கொஞ்சம் கசியற ஆயில் டேங்க் லைனுக்கு, அதான் ஆயில் டேங்குக்குத் திரும்பிப் போற வழிக்கு, போயிடும். ரெண்டு முனையிலயும் இருக்குற சீல் தாங்க வேண்டியது அந்த டேங்க் லைன் அழுத்தத்தை மட்டும்தான்.

அப்ப புது சீல் ஒன்றரை மாசத்துல போகுதுன்னா, ஒண்ணு ஸ்பூல்ல கீறலோ துருப்புள்ளியோ இருக்கணும். இல்லைன்னா ஆயில் திரும்பிப் போற வழி அடைச்சு, டேங்க் லைன் அழுத்தம் ஏறியிருக்கணும். ரெண்டாவதைத்தான் யாரும் பார்க்குறதில்லை. நானே ஒரு வண்டிக்கு ரெண்டு தடவை சீல் மாத்திக் கொடுத்து ஓனர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான். கடைசியில பார்த்தா அந்தத் திரும்புற வழியில இருக்குற ரிட்டர்ன் ஃபில்டர் களிமண்ணா அடைச்சுக் கிடந்துச்சு.

இதை எப்படிக் கண்டுபிடிக்கறது? டீசல் போட்டு வால்வை நல்லாக் கழுவி, காயவிட்டு, முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவி விடுங்க. வால்வ் கேபினுக்கு அடியில இருக்குறதால கேபினை இறக்கி லாக் பண்ணிட்டு, லீவரைத் தொடாம பத்து நிமிஷம் ஸ்லோவுல ஓடவிட்டு, அணைச்சுட்டுத் திறந்து பாருங்க. அப்புறம் அதே மாதிரி ஃபுல் ஆக்ஸிலரேட்டர்ல. ஸ்லோவுல காய்ஞ்சிருந்து, ஃபுல்லுல எல்லா ஸ்பூல் முனையிலயும் ஈரம்னா ரிட்டர்ன் பக்கம்தான் சந்தேகம். ஃபில்டர், ஆயில் கூலர், நசுங்கின ஹோஸ், எல்லாம் பாருங்க. ஒரே ஒரு ஸ்பூல் மட்டும் ஈரம்னா அந்த ஸ்பூலைக் கழட்டி, நகத்தை மெதுவா ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டுச்சுன்னா எத்தனை கிட் போட்டாலும் அது சீலைக் கிழிச்சுக்கிட்டேதான் இருக்கும். உங்க பண்ணையில எருத்தூசு லிங்கேஜ்ல, அதான் லீவரையும் ஸ்பூலையும் இணைக்குற கம்பியில, அப்பி, ஈரம் பட்டு, ஸ்பூல் வெளிய நீட்டுற இடத்துல துரு பிடிக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

ஆயில் கீழதான் சொட்டும், ஆனா கசியறது மேல எங்கேயோ இருக்கும். மேல ஒரு ஹோஸ் நட்டு லூஸா இருந்து, பழி வால்வ் மேல விழுந்த கதையெல்லாம் உண்டு.

ஒண்ணு முக்கியம். என்ஜின் ஓடும்போது கையால தடவிப் பார்க்காதீங்க. ஊசித்துளை அளவு கசிவுல வர்ற ஆயில் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வலி பெருசா தெரியாது, ஆனா விரலையே எடுக்குற நிலைமை வரும். அப்படிப் பட்டா உடனே ஆஸ்பத்திரி. பார்க்கணும்னா அட்டையை நீட்டுங்க. கழட்டறதுக்கு முன்னாடி பூமை, அதான் முன்னாடி தூக்குற கையை, கீழ இறக்கி, என்ஜினை அணைச்சு, லீவரை நாலு பக்கமும் ஆட்டி பிரஷரை விட்டுடுங்க. பூம் மேல இருந்துதான் ஆகணும்னா பூமுக்கு லாக் போடாம கேபினுக்கு அடியில தலையை விடாதீங்க.

கழட்டும்போது ஒரு ஸ்பூலை இன்னொரு ஓட்டையில போட்டுடாதீங்க. ஒவ்வொண்ணும் அதது ஓட்டைக்குன்னு உரசிச் சேர்த்தது. சீலுக்கு ஹைட்ராலிக் ஆயில் தடவி, ஸ்பூல் விளிம்புல மெல்லிசா பிளாஸ்டிக் கவர் சுத்தி நுழைச்சு விடுங்க, சீலை வெட்டாது. தனித்தனி செக்ஷனா சேர்த்த வால்வா இருந்தா நீள போல்ட்டை மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு, அதான் முறுக்கு அளவுக்கு, மேல முறுக்காதீங்க. பாடி நெளிஞ்சு ஸ்பூல் இறுகிடும்.

கேள்வியில இன்னொண்ணும் எழுதியிருக்காரு, பூம் தானா இறங்குதாம். அது வேற கதை தம்பி. இந்த முனை சீல் லோடைத் தாங்கறதே இல்லை, அதனால கிட் மாத்தினா அது சரியாகாது. சிலிண்டர் பிஸ்டன் சீலா, அழுத்தம் கூடினா திறக்குற போர்ட் ரிலீஃப் வால்வா, ஸ்பூல் தேய்மானமான்னு தனியாப் பார்க்கணும்.

ரிட்டர்ன் ஃபில்டரைக் கழட்டினா தூக்கிப் போடாம வெட்டிப் பாருங்க. உள்ள மினுமினுன்னு உலோகத்தூள் இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, அப்ப பம்ப்பைப் பத்திப் பேச வேண்டியிருக்கும். சரி, அடுத்த கேள்வி...