சூசாவின் மண் பெண்கள்: தெய்வமா, பொம்மையா?

சேலத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "ஈரானில் கிடைத்த சுடுமண் பெண் உருவங்களை எல்லாரும் வளமைத் தெய்வம் என்கிறார்கள். நீங்கள் மட்டும் மண் பொம்மை என்கிறீர்கள். ஏன் இந்த ஓரவஞ்சனை?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

ஓரவஞ்சனை இல்லை அம்மா. கெர்மான்ஷா பக்கத்தில் சராப் மேட்டிலிருந்து 1960இல் தொல்லியலாளர் பிரெய்ட்வுட் குழுவினர் எடுத்த பெண்ணைப் பாருங்கள். சுண்டுவிரல் உயரம், சுமார் 8000 வயது. தொடையும் மார்பும் பெருத்திருக்கின்றன, முகமே கிடையாது. தெய்வப் பட்டம் கட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் அதே மேட்டில் மண்ணில் செய்த காட்டுப்பன்றியும் கிடைத்ததே! அதற்கு யாரும் கோயில் கட்டவில்லை.

உருவத்தைப் பார்க்கும் முன் அது கிடந்த இடத்தைப் பாருங்கள். பழைய நேயர்களுக்கு இது காது புளித்த பேச்சு, இருந்தாலும் சொல்வேன். தென்மேற்கு ஈரானின் பழைய நகரமான சூசாவில் 1897இல் தோண்டத் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வாளர் டி மோர்கன் ஐந்து ஐந்து மீட்டராக மண்ணை வாரினார். எந்தப் பொம்மை எந்த அறையில் இருந்தது என்பதெல்லாம் அதோடு போயிற்று. பிறகு வந்த ஆய்வாளர் கிர்ஷ்மான் குடியிருப்புகளைத் தோண்டியபோதுதான் இவை வீட்டுப் பண்டம் என்பது தெளிவாயிற்று. பக்கத்தில் சோகா சன்பில் என்ற கோயில் நகரில் கிரிரிஷா, பினிகிர் என்று பெண் தெய்வங்களுக்குக் கோயில் எழுப்பிய ஈலாம் நாட்டு மன்னன், அவர்கள் பெயரைச் செங்கல்லில்கூட எழுதிவைத்தான். இந்த மண் பெண்களோ பெயர் சொல்லாமல் நிற்கிறார்கள்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன்: அவள் முதுகு எப்படி இருக்கிறது? மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சூசாப் பெண், இரு கைகளாலும் மார்பை ஏந்தியிருக்கிறாள். கழுத்தில் மாலை, மார்பில் குறுக்குப் பட்டை, தலையில் கனத்த அலங்காரம். திருப்பினால் வெறும் தட்டை! ஒற்றை அச்சில் களிமண்ணை அமுக்கி எடுத்தது அப்படித்தான் வரும். விளாச்சேரியில் ஒரு பெரியவரிடம் கொலு பொம்மை அச்சை வாங்கி நானும் அமுக்கிப் பார்த்தேன். சாம்பல் தூவ மறந்துவிட்டேன். உடம்பு வெளியே வந்தது, முகம் அச்சோடு தங்கிவிட்டது. பெரியவர் சிரித்துவிட்டு, முகம் வந்தால்தானே பொம்மை என்றார்.

முதுகுக்கு யாரும் மெனக்கெடவில்லை என்றால், பின்னாலிருந்து பார்க்க ஆள் இல்லை என்றுதானே பொருள்? சுவரில் சாய்த்திருக்கலாம், படுக்க வைத்திருக்கலாம், உள்ளங்கையில் பொத்தி வைத்திருக்கலாம். வளமையைப் பிறகு பேசலாம் அம்மா. முதலில் அந்த முதுகைப் பாருங்கள்.