கரிக்கட்டியால் போட்ட கட்டம்

(காரைக்குடியில் கோடை விடுமுறையின்போது நூலக வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வந்திருக்கும் பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மேடைப் பேச்சு இந்த ஊருக்குப் புதிதல்ல. 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து, கம்பனின் ஒரே பாட்டை மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்து ரசிக்கப் பழகிய ஊர் இது. அந்த ஊரில் வீடியோ கேமைப் பற்றியும் கூட்டம் கூடும் படங்களைப் பற்றியும் பேசப் போகிறேன் என்றதும், "அதில் பேச என்ன இருக்கிறது?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நிறைய இருக்கிறது. ஒரு பாட்டு ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த நமக்கு, ஓர் ஆட்டம் ஏன் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லத் தெரிய வேண்டும். இப்போது வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை "செம கேம்" என்கிறான். அப்பா "கண் கெட்டுப்போகும்" என்கிறார். பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே தள்ளி வைத்துவிடுகிறேன். பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் போன்ற ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. அவற்றை நான் ஆட்டமென்றே கணக்கில் எடுப்பதில்லை. அது சூது. குடும்பங்களை அழித்திருக்கிறது. அதற்கு இன்று இந்த மேடையில் இடமில்லை.

சரி, சினிமாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுவும் நம் ஊரிலிருந்தே. ஏவி. மெய்யப்பன் 1907-இல் காரைக்குடியில் பிறந்தவர். 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் அவர் ஸ்டுடியோ போட்டார். 1947 பொங்கலுக்கு வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம்தான். நாடு விடுதலை அடைய இன்னும் ஏழு மாதம் இருக்கும்போதே, சுதந்திரம் வந்துவிட்டது என்று ஆடிப் பாடும் பாரதியின் பாட்டு அந்தப் படத்தில் ஒலித்தது. பாடியவர் டி. கே. பட்டம்மாள். ஆடியவர் குமாரி கமலா. கொட்டகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே நொடியில், ஒரே இருட்டில் அந்தப் பாட்டு காதில் விழுந்திருக்கும். சினிமாவின் பலம் அதுதான் என்று நினைக்கிறேன். அது கூட்டத்தின் கலை. தனியாகப் பார்த்தால் பாதிதான் வரும்.

என் அப்பத்தா சினிமா பார்ப்பதைப் பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். திரையோடு பேசுவார். வில்லன் நல்லவன் வேஷத்தில் வந்து கதவைத் தட்டினால், "அடியே, திறக்காதடி! அவன்தாண்டி அது!" என்று சத்தம் போடுவார். பக்கத்து வரிசையில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொள்வார்கள். அந்தப் பெண் திறந்துவிடுவாள். அடுத்த வாரம் அதே படத்துக்கு மறுபடியும் போனாலும் திறந்துவிடுவாள். நாம் உள்ளே போவதற்கு முன்பே படம் முடிந்துபோன ஒன்று. நடந்ததை நமக்குக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆட்டம் அப்படியில்லை. ஆட்டத்தில் அந்தக் கதவின் தாழ்ப்பாள் அப்பத்தாவின் கையில் இருக்கிறது.

இது ஏதோ ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய புது விஷயம் என்று எண்ண வேண்டாம். அதே அப்பத்தா மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வளவு என்னும் உள்முற்றத்தின் ஓரத்தில் கரிக்கட்டியால் கட்டம் போட்டு எங்களுக்கு ஆடுபுலி ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்குப் புளியங்கொட்டை, ஆட்டுக்குச் சோளம். புலி ஆட்டைத் தாண்டினால் ஆடு போயிற்று. ஆட்டுக்குத் தாண்டவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. ஆனால் அடுத்தடுத்து நெருங்கி நின்றால் புலிக்கு நகர இடமில்லாமல் போய்விடும். என் தம்பி எப்போதும் புலிதான் வேண்டும் என்று அழுவான். அப்பத்தா ஆட்டை எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் அவனைக் கட்டிப்போடுவார்.

அந்த ஆட்டத்தில் கதை சொல்பவர் யாரும் கிடையாது. வசனம் கிடையாது. இரண்டே இரண்டு விதிதான். ஆனாலும், வலிமையில்லாதவன் தனியாக நின்றால் போவான், சேர்ந்து நின்றால் தப்புவான் என்பது ஏழு வயதுப் பையனின் விரலுக்குப் புரிந்துவிடுகிறது. விதியே கதை சொல்கிறது. ஓர் ஆட்டத்தை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: விதி என்ன சொல்கிறது, கை என்ன செய்கிறது? படத்தைப் போல எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான்.

பிள்ளைகளே, உங்கள் அப்பாக்களுக்கு மாரியோ தெரியும். கேட்டுப் பாருங்கள். தொண்ணூறுகளில் டிவியோடு வயர் போட்டு இணைக்கும் பெட்டி, அதில் சொருகும் மஞ்சள் கேசட், கேசட் வேலை செய்யாவிட்டால் எடுத்து வாயால் ஊதுவது. எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் சிங்கப்பூரிலிருந்து வந்த அயித்தான். 1985-இல் நின்டெண்டோ வெளியிட்ட ஆட்டம் அது. உருவாக்கியவர் ஷிகேரு மியாமோட்டோ. அதன் முதல் கட்டத்தின் முதல் பத்து நொடியை நான் இப்போதும் வியந்து பார்க்கிறேன்.

மாரியோ திரையின் இடது பக்கம் நிற்கிறான். வலது பக்கம் வெட்டவெளி. ஆகவே வலது பக்கம் போகிறோம். காளான் மாதிரி ஒன்று முறைத்துக்கொண்டு எதிரே வருகிறது. சும்மா நின்றால் இடித்துச் செத்துப்போவோம். சரி, குதிக்க வேண்டும் போலிருக்கிறது. குதித்தால், தலைக்கு மேலே கேள்விக்குறி போட்ட கட்டி இடிபட்டு உள்ளிருந்து காசு வருகிறது. ஓ, இதை இடிக்கலாம் போல. அடுத்த கட்டியை இடித்தால் வேறொரு காளான் வெளியே வந்து வலது பக்கம் ஓடுகிறது, எதிரே இருக்கும் குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வருகிறது. பயந்து விலகப் பார்த்தாலும் பெரும்பாலும் பட்டுவிடும். பட்டதும் மாரியோ பெரிதாகிறான். பத்தே நொடி. வாசிக்க ஓர் எழுத்து இல்லை. ஆங்கிலம் தெரியாத எங்களுக்குப் பள்ளத்தூரில், யாரும் சொல்லித்தராமல், எல்லா விதியும் புரிந்துவிட்டது. ஆசிரியர் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு நல்ல பாடத்தை நான் இன்னும் நடத்தவில்லை.

அந்த மாரியோவை 1993-இல் ஹாலிவுட்டில் படமாக எடுத்தார்கள். ஓடவில்லை. 2023-இல் கார்ட்டூன் படமாக எடுத்தார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் வசூல். எனக்கு அந்த இரண்டாவது படமும் பெரிதாகப் பிடிக்கவில்லை. பார்க்க வண்ணமயமாக இருந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் குதிப்பது நானில்லையே. மாரியோவிடமிருந்து குதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மீசை வைத்த ஒரு குழாய்க்காரர்தான்.

எதிர்ப்பக்கமும் அப்படித்தான். ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படம் 1982-இல் பிரமாதமாக ஓடியது. அதே வருடம் கிறிஸ்துமஸுக்குள் கடைக்கு வர வேண்டுமென்று அட்டாரி நிறுவனம் ஐந்து வாரத்தில் அதை ஆட்டமாக்கியது. ஆடியவர்கள் பள்ளத்தில் விழுந்து, ஏறி, மறுபடியும் விழுந்தார்கள். விற்காமல் கிடந்த கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் குப்பைக் குழியில் போட்டுப் புதைத்தார்கள். 2014-இல் தோண்டி எடுத்தார்கள்.

நம் படங்களுக்கு வருகிறேன். இப்போது வரும் பெரிய படங்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நாயகன் நூறு பேரை அடிக்கிறார், சட்டை கசங்குவதில்லை. இதைப் பார்த்து "வீடியோ கேம் மாதிரி இருக்கிறது" என்று விமர்சனம் எழுதுகிறார்கள். எனக்கு அந்த ஒப்புமை வருத்தமாக இருக்கிறது. வீடியோ கேமில் ஒரே ஓர் எதிரியிடம் நான் இருபது தடவை தோற்றிருக்கிறேன். இருபத்தோராவது தடவை அவன் வாளை எந்தத் தோளிலிருந்து வீசுவான் என்று தெரிந்துகொண்டு விலகியபோது என் கை நடுங்கியது. தோற்க முடியாதவர் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? அந்தப் படங்களிடம் ஆட்டத்தின் பளபளப்பு இருக்கிறது. தோல்வி இல்லை.

அதே சமயம் நம் படங்களிடம் உள்ள ஒன்றுக்காக நான் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுவேன். இடைவேளை. படத்தை நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஐநூறு பேரை எழுந்து வெளியே போகச் சொல்வது. முறுக்கைக் கடித்துக்கொண்டு "அடுத்து என்ன ஆகும் தெரியுமா?" என்று முன்பின் தெரியாதவரோடு பேசுகிறோமே, அந்தப் பதினைந்து நிமிடமும் படத்தின் பகுதிதான். அதற்கென்றே எழுதிய காட்சிகளை இப்போது வீட்டில் செல்போனில் பார்த்தால், விளக்கு எரியாமல், பேச்சு இல்லாமல், அடுத்த காட்சி வந்து விழுகிறது. எனக்கு நெஞ்சில் ஏதோ தடுக்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் வீட்டு விஷயம். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் படப்பிடிப்பு நடக்காத வருடமில்லை. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, கண்ணாடி போல் மினுங்கும் சுவர் எல்லாம் திரையில் வருகிறது. ஆனால் அந்த வீட்டில் படத்துக்குப் படம் நடப்பது இரண்டே காரியம்: கல்யாணம் அல்லது வெட்டுக்குத்து. ஐம்பது பேர் எப்போதும் நிறைந்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த வீடு அதுவா? வருடத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக்கிடக்கும் வீடு, சென்னையிலும் மலேசியாவிலுமாகச் சிதறிய பங்காளிகள், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் அறுபதாம் கல்யாணமான சாந்திக்கும் மட்டும் திறக்கும் அறைகள், முகப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும் காவல்காரர். இத்தனை கேமராக்கள் வந்து போயும் அந்த வீட்டை ஒருவரும் எடுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தூணை எடுத்தார்கள்.

அப்படிச் சிதறிய குடும்பத்தின் கதையைத் தொட்டது, நம்ப மாட்டீர்கள், கனடாவில் செய்த ஓர் ஆட்டம். 'வெண்பா' என்று பெயர். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 2023-இல் வெளியிட்டது. மறு வருடமே அறிமுகப் படைப்புக்கான, பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா, கணவர் பாவலன், அங்கேயே பிறந்த மகன் கவின். சண்டை இல்லை, சுடுவது இல்லை. நாம் செய்ய வேண்டியது சமையல். அம்மா எழுதிக்கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. இட்லித் தட்டை எப்படி மாற்றி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும், புட்டுக் குழாயில் எது முதலில், எது அடுத்து என்றெல்லாம் அழிந்துபோன வரியை நாம்தான் யோசித்து நிரப்ப வேண்டும். அடுப்படியில் வானொலி பாடுகிறது. அந்தந்தக் காலத்துத் தமிழ்ச் சினிமாப் பாட்டின் மணத்தோடு புதிதாகப் போட்ட பாட்டுகள் அவை.

கவின் வளர்கிறான். தமிழ் அவனிடமிருந்து மெல்ல நழுவுகிறது. பிற்பாடு அவனே அடுப்படிக்கு வருகிறான், அம்மாவின் நோட்டில் உள்ள எழுத்து அவனுக்குத் தடுமாறுகிறது. அங்கே என் கையும் நின்றுவிட்டது. படமாக இருந்தால் "பாவம்" என்று பார்த்துவிட்டுப் போயிருப்பேன். இங்கே தடுமாறுவது என் கை. ஒரு வரி அழிந்துபோவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன வம்சம் நம்முடையது. நமக்கு இந்தக் கதை புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? இங்கே இருக்கும் ஆச்சிமார்களைக் கேட்கிறேன்: வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி, அதன்மேல் நிற்கிற அளவுக்குக் கோபுரமாக உளுந்து. அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கோபுரம் எவ்வளவு உயரம் என்பது உங்கள் உள்ளங்கைக்குத்தான் தெரியும்.

முன்னால் இருக்கும் பிள்ளைகளில் இரண்டு பேராவது கம்ப்யூட்டரில் ஆட்டம் செய்யக் கற்றுக்கொள்வதாக என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு யோசனை தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிய வீடு. ஆடுபவர் அந்த வீட்டின் காவல்காரர். கையில் சாவிக்கொத்து. நாளைக்குப் படைப்பு, பங்காளிகள் வரப்போகிறார்கள். வளவைச் சுற்றி அறைகள், ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், ஓர் அறை. எந்தச் சாவி எந்த அறைக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. திறந்த அறையில் இருக்கும் பெட்டகத்தையும், கடிதக் கட்டையும், ரங்கூன் முத்திரையையும் பார்த்து அடுத்த சாவியைக் கண்டுபிடிக்க வேண்டும். வெட்டும் வேண்டாம், குத்தும் வேண்டாம். நீங்கள் செய்தால் நான் முதல் ஆளாக ஆடுவேன்.

பின்பக்கம் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஒன்றில் டிவியும் 'வெண்பா'வும் இருக்கின்றன. இன்னொன்றில் கரிக்கட்டியால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் சோளமும் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் கட்டத்துக்குப் போங்கள். ஆச்சி, நீங்கள் வாருங்கள், இட்லித் தட்டு காத்திருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பக்கத்தில் நின்று நான் சொல்கிறேன், எப்படி அடுக்க வேண்டும் என்று நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.